பழைய டோப்போ வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? டியாப்லோ மலைகளை வைத்து ஒரு பதில்

சான் ஹோசேயில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாரக் கடைசியில் ஹென்றி கோ மாநிலப் பூங்காவுக்கு மலை நடை போனோம். நூறு வருடத்துக்கு முந்தைய டோப்போ வரைபடத்தை, அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தை இறக்கி, கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸோடு பொருத்திப் பார்த்தேன். ஓர் ஓடை 200 மீட்டர் தள்ளி ஓடுகிறது. ஒரு முகட்டின் உருவமே வேறாக இருக்கிறது. அந்தக் காலத்தில் நேரில் போய் அளந்தார்களா, உட்கார்ந்த இடத்திலேயே வரைந்தார்களா? இதில் எதை நம்பலாம்?"

நேரில்தான் போனார்கள். குதிரை, கோவேறு கழுதை, கூடாரம், சமையல்காரர் சகிதம் மாதக்கணக்கில் அந்த மலைகளில் தங்கினார்கள். ஆனால் உங்கள் வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் நெளியும், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளில் பெரும்பகுதி அளந்து போட்டது கிடையாது, பார்த்து வரைந்தது. அளந்த புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இடையில் கிடக்கும் மலையை ஒரு மனிதர் முகட்டில் நின்று கண்ணால் வாங்கி, பலகைமேல் பென்சிலால் இறக்கியிருக்கிறார். அவர் எங்கே நின்றார், அங்கிருந்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தால், எந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கிவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சான் ஹோசேவுக்குக் கிழக்கே சுவர்போலத் தெரிவது டியாப்லோ மலைத்தொடர். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள். இடையில் செங்குத்தான ஓடைப் பள்ளங்கள். வெயில் காயும் தென்சரிவுகளில் புல்லும், சப்பாரல் என்று அங்கே சொல்லும் அடர்ந்த புதரும். வடசரிவுகளில் ஓக் காடு. உயரமான முகடுகளில் பைன் மரங்கள். நூற்றைம்பது வருடமாக மாட்டுப் பண்ணை நாடு. நீங்கள் நடந்த பூங்காவே பைன் ரிட்ஜ் என்ற பண்ணைதான். அதை வைத்திருந்த குடும்பத்து மகள் சேடா கோ 1953இல் நிலத்தைச் சான்டா கிளாரா மாவட்டத்துக்குத் தானமாகக் கொடுத்தார். 1958இல் அது மாநிலப் பூங்காவானது.

இந்த மலைகளை முறையாக வரைய முதலில் வந்தவர்கள், ஜோசையா விட்னி தலைமையில் 1860இல் தொடங்கிய கலிபோர்னியா மாநில நிலவியல் ஆய்வுக் குழுவினர். அதில் சார்லஸ் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் வரைபடக்காரர். அவரும் வில்லியம் ப்ரூவரும் 1861 ஆகஸ்டில் ஏறிய சிகரத்துக்குத்தான், கூட வந்த பாதிரியார் லாரன்டைன் ஹாமில்டனின் பெயரை வைத்தார்கள். இன்று லிக் வானாய்வகம் நிற்கும் மவுண்ட் ஹாமில்டன் அது. ஹாஃப்மனை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. உயரமான இடத்தில் நின்று, சுற்றியுள்ள முக்கியப் புள்ளிகளுக்குக் கோணம் எடுத்து, நடுவில் உள்ள நிலத்தை அங்கேயே வரைந்துகொள்ளும் வேலைமுறையை அமெரிக்க மேற்கில் வேரூன்றவைத்தவர் அவர். அந்தக் குழுவில் பழகிய கிளாரன்ஸ் கிங்கும் ஜேம்ஸ் கார்டினரும் அதைப் பிற்பாடு 40 பாகை வட அட்சக்கோட்டை ஒட்டிய நிலத்தை ஆராய்ந்த 40ஆம் இணைகோட்டு ஆய்வுக்குக் கொண்டுபோனார்கள். 1879 மார்ச் 3 அன்று யு.எஸ். ஜியோலாஜிக்கல் சர்வே, அதாவது யுஎஸ்ஜிஎஸ், உருவானபோது அதன் முதல் இயக்குநர் அதே கிங்தான். அவருக்குப் பின் வந்த ஜான் வெஸ்லி பவல் காலத்தில், 1880களின் நடுவில், நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து வரையும் பணி தொடங்கியது.

உங்கள் தாள் அந்தக் கட்டங்களில் ஒன்று. 15 நிமிட அட்சம், 15 நிமிட தீர்க்கம் (இங்கே 15 நிமிடம் என்பது ஒரு பாகையில் கால் பங்கு), அளவுகோல் 1:62,500. நம் நாட்டுப் பழைய ஒரு அங்குலத் தாள் 1:63,360, அதாவது ஒரு மைலுக்குச் சரியாக ஓர் அங்குலம். அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட அதே அளவில் எண்ணை முழுமையாக்கிக்கொண்டார்கள். இந்த அளவுகோலில் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 62.5 மீட்டர். உங்களைத் தூக்கிவாரிப்போட்ட 200 மீட்டர், தாளில் சுமார் 3 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமன் மட்டுமே தரையில் இருபது முப்பது மீட்டருக்கு வந்துவிடும்.

இனி பலகைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இதில் இருக்கிறது.

பிளேன் டேபிள் என்பது முக்காலிமேல் ஏற்றிய வரைபலகை, அவ்வளவுதான். பலகையில் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளில் ஏற்கெனவே சில புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கும். தியோடலைட் என்ற கோணமானியை வைத்துத் துல்லியமாக முக்கோண அளவை செய்து கண்ட மலையுச்சிகள் அவை. டியாப்லோ சிகரம் அதற்கு வாய்த்த இடம். உயரம் 3,849 அடிதான். ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலம் என்பதால் தெளிவான நாளில் சியரா நெவாடா வரை கண்ணுக்குத் தெரியும். 1851இல் கலிபோர்னியாவின் நில அளவைக்கு மூலக் கோட்டையே அந்தச் சிகரத்திலிருந்துதான் இழுத்தார்கள்.

வரைபடக்காரர் ஒரு முகட்டில் ஏறுவார். பலகையை மட்டம் பார்த்து நிறுத்துவார். தூரத்தில் தெரியும் மூன்று உச்சிகளைத் தொலைநோக்கி பொருத்திய அலிடேடு என்ற குறிபார்க்கும் சட்டம் வழியாகப் பார்த்து, தாளில் உள்ள அவற்றின் புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கோடு இழுப்பார். மூன்றும் ஒரே இடத்தில் வெட்டினால் தான் நிற்கும் இடம் அதுதான். சின்ன முக்கோணமாக விரிந்தால், பலகை திசை மாறி நிற்கிறது என்று பொருள்; திருப்பித் திருத்துவார். தன் இடம் உறுதியானதும் அங்கிருந்து சுற்றிலும் தெரியும் மேடு, பாறை, தனிமரம், பண்ணைவீட்டுக் கூரை எல்லாவற்றுக்கும் கோடு இழுப்பார். அடுத்த முகட்டிலிருந்து அதே பொருள்களுக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் அந்தப் பொருள் தாளில் உட்கார்ந்துகொள்ளும். மேல்கீழ்க் கோணத்தையும் தாளில் அளந்த தூரத்தையும் சேர்த்து உயரம் கணக்கிடுவார். பக்கத்தில் உள்ளவற்றுக்கு அளவுகோல் கம்பைப் பிடித்துக்கொண்டு உதவியாளர் ஓடுவார். தொலைநோக்கிக்குள் இருக்கும் இரண்டு ஸ்டேடியா இழைகளுக்கு நடுவே கம்பில் ஓரடி தெரிந்தால் தூரம் நூறு அடி. சங்கிலியைப் பள்ளத்துக்குள் இறக்கி ஏற்றவேண்டிய பாடு இல்லை.

பலகை சீக்கிரமாகவும் அசையாமலும் நிற்பதற்கு வில்லார்ட் ஜான்சன் என்ற யுஎஸ்ஜிஎஸ் வரைபடக்காரர் கண்டுபிடித்த முக்காலித் தலையை ஜான்சன் ஹெட் என்று அவர் பெயராலேயே அழைத்தார்கள். காற்றடிக்கும் முகட்டில் பலகை வைத்து வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்படி ஒரு முகட்டிலிருந்து இருபது முப்பது புள்ளிகள் கிடைக்கலாம். பிறகுதான் கலை. புள்ளிகளுக்கு நடுவே மலை எப்படி மடிகிறது, எந்தச் சரிவு உப்பியிருக்கிறது, எது குழிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சம உயரக் கோடுகளை வரைவார். கரடான மலைப்பகுதித் தாள்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பெரும்பாலும் 100 அடி இடைவெளி. 60 அடி உயரமுள்ள பாறைமேடு இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடில்லாமல் மறைந்துபோகலாம். உங்கள் முகட்டின் உருவம் வேறாக இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஓடைக்கு வருவோம். அவர் வேலை செய்தது முகட்டிலிருந்து. சப்பாரல் புதருக்குள் மனிதன் நுழைவது கடினம், பலகையோடு நுழைவது நடக்காத காரியம். அதனால் முகட்டுக் கோடுகளும் மாட்டுத்தடங்களும் பண்ணைச் சாலைகளும் நன்றாக அமைந்திருக்கும். ஆழமான பள்ளத்தின் அடியில் ஓடும் நீர், எதிர்ச்சரிவு மறைத்த இடங்களில், இப்படித்தான் போகும் என்ற அனுபவ அறிவில் வரையப்பட்டது. புல் மூடிய சரிவின் வடிவம் மைல்கணக்கான தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். ஓக் மரங்கள் மூடிய சரிவில் தெரிவது மரங்களின் தலைதான், தரை தெரியாது. ஆகவே ஒரே தாளில் மேய்ச்சல் சரிவு நம்பகமாகவும் காட்டுச் சரிவு உத்தேசமாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே பழுப்புக் கோட்டில் அச்சடித்துவிட்டதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டமே ஒப்புக்கொண்டது. 1896இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும், அதாவது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் உயரம் குறித்த பெஞ்ச் மார்க் இரண்டாவது நட வேண்டும் என்றது. காடடர்ந்த இடத்திலும் மலையிலும் ஒன்று போதும் என்று அதிலேயே சலுகை. 36 சதுர மைலுக்கு ஒரே ஒரு உறுதியான உயரம் என்று நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது நிலத்தின் வடிவம். பண்ணை நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு, சொத்து எல்லை. நம் ஊரில் புலப்படமும் டோப்போ தாளும் வேறு வேறு துறைகளின் வேலை. அமெரிக்கத் தாளில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் நூறு வருட நிலச் சண்டை தெரியும்.

உங்கள் தாளை விரித்துப் பாருங்கள். சில இடங்களில் ஒரு மைல் சதுரங்களாகக் கட்டம் ஓடும். அவை செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பள்ளத்தாக்குப் பக்கம் அந்தக் கட்டம் சட்டென்று நின்று, கோணல்மாணலான எல்லைக்கோடு ஒன்று போகும். அது மெக்சிகோ ஆட்சியில் வழங்கப்பட்ட ராஞ்சோ. அந்த மானியங்களின் முதல் வரைபடம் திசேன்யோ எனப்பட்ட கைச்சித்திரம். குன்றுகளும் ஓடையும் ஓக் மரங்களும் வரைந்து, எல்லையைப் பெயர் சொல்லிக் காட்டியிருக்கும். அளந்த விதம் இன்னும் அழகு. 50 வாரா நீளமுள்ள கயிற்றின் இரு முனையிலும் கோல் கட்டி, இரண்டு குதிரைவீரர்கள் மாறிமாறிப் பாய்ந்து ஊன்றிக்கொண்டே போவார்கள். வாரா என்பது சுமார் 33 அங்குலம். 5,000 வாரா ஒரு லீக். பனியில் கயிறு நனைந்தால் நீளம் மாறும். மேட்டில் ஏறினால் சரிவைக் கழிப்பதில்லை. 1848இல் கலிபோர்னியா அமெரிக்கா வசம் வந்தபின், 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மானியதாரரும் தன் உரிமையை ஆணையத்தின் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன. வழக்குச் செலவிலேயே நிலத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். தாளில் நீங்கள் பார்க்கும் அந்தக் கோணல் எல்லை இத்தனைக்கும் பிறகு நிலைத்த கோடு.

சதுரக் கட்டமும் புனிதமானதல்ல. சர்வே ஒப்பந்தத்தில் மைலுக்கு இவ்வளவு என்று கூலி. கரடான மலையில் யாரும் போய்ச் சரிபார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், 1880களில் ஜான் பென்சன் என்பவரைச் சுற்றி இயங்கிய கூட்டம் கலிபோர்னியாவில் போகாத இடங்களுக்குக் களக்குறிப்பு எழுதிக் காசு வாங்கியது. நட்டதாக எழுதிய மூலைக் கற்கள் தரையில் இல்லை. பின்னால் பலகையோடு வந்த வரைபடக்காரர் மூலைக்கல்லைத் தேடிக் காடெல்லாம் அலைந்திருக்கிறார். எனவே மலைப்பகுதியில் கட்டம் விட்டுவிட்டு இருந்தாலோ, புள்ளிக்கோடாக மாறினாலோ அதை அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் கல் கிடைக்கவில்லை என்ற நேர்மையான வாக்குமூலம் அது. எனக்கு இந்தத் தாள்கள்மேல் மரியாதை வந்ததே இந்த வெற்றிடங்களால்தான்.

ராஞ்சோக்களுக்கு வெளியே இருந்த உள்மலை, ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் துண்டுகளாகக் குடியானவர்களுக்குப் போனது. அந்தச் சரிவில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. விற்றுவிட்டுப் போனார்கள், துண்டுகள் சேர்ந்து பெரிய பண்ணைகளாயின. பழைய தாளில் ஓடைக்கரையில் தனியாகக் கிடக்கும் சிறு கறுப்புச் சதுரம் அப்படியொரு குடிசையாக இருக்கலாம். அடுத்த பதிப்பில் அது காணாமல் போயிருக்கும். டெஸ்லா என்ற பெயரில் ஒரு 15 நிமிடத் தாள் இதே மலைத்தொடரில் உண்டு. காரல் ஹாலோ பள்ளத்தாக்கில் இருந்த நிலக்கரிச் சுரங்க ஊர் அது. நிகோலா டெஸ்லாவின் பெயரை வைத்திருந்தார்கள். ஊர் சிதைந்துவிட்டது. தாள் மட்டும் அந்தப் பெயரைக் காப்பாற்றியது. தெற்கே பாச்சேகோ கணவாய்ப் பக்கம் போனால், சான் லூயிஸ் கொன்சாகா ராஞ்சோவின் நிலத்தில் ஒரு பகுதி 1960களில் கட்டிய சான் லூயிஸ் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அந்த அடிநிலம் எப்படி இருந்தது என்று பார்க்கப் பழைய தாளைத்தான் விரிக்க வேண்டும்.

தாளின் பிழை தாளோடு நிற்பதில்லை என்பதற்கும் இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. 1920களின் கடைசியிலிருந்து ஆல்பர்ட் வீஸ்லாண்டர் என்ற வனத்துறை அறிஞர் கலிபோர்னியாவின் தாவரங்களை வரையவைத்தார். அவருடைய ஆட்கள் யுஎஸ்ஜிஎஸ் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு முகடுமுகடாக நடந்து, எதிர்ச்சரிவில் எங்கே ஓக், எங்கே பைன், எங்கே புதர் என்று பார்த்துத் தாளின்மேலேயே எல்லை போட்டார்கள். மாதிரிப் புலங்களும் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். காடு எப்படி மாறியிருக்கிறது என்று இன்று ஆராய்பவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் அடியில் இருந்த டோப்போ தாளில் ஓடை தள்ளியிருந்தால், காட்டின் எல்லையும் சேர்ந்தே தள்ளியிருக்கும். அந்தப் புலங்களைத் திரும்பத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இந்தப் பிழையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை ஆகாயத்துக்குப் போனது. விமானத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களை இணையாக வைத்துப் பார்த்தால் மலை மேலெழுந்து தெரியும். அதில் ஓர் ஒளிப்புள்ளியைத் தரையோடு ஒட்டி நகர்த்திக் கோடு போட்டார்கள். அளவுகோல் 1:24,000 ஆனது. இந்தத் தாள்களுக்கு எழுதிவைத்த துல்லிய விதி இருந்தது: தெளிவான புள்ளிகளில் 90 சதவீதம் தரையில் 40 அடிக்குள் சரியாக இருக்க வேண்டும், உயரத்தில் 90 சதவீதம் கோட்டு இடைவெளியில் பாதிக்குள் இருக்க வேண்டும். ஓடைகள் இடத்துக்கு வந்தன. ஆனால் காட்டில் பழைய சிக்கல் தொடர்ந்தது. விமானத்துக்கும் மரத்தின் தலைதான் தெரியும். மரத்தின் உயரத்தை உத்தேசமாகக் கழித்துத்தான் தரையை வரைந்தார்கள். தாளில் காட்டுக்குத் தந்த பச்சை நிறத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது: செடிமரம் குறைந்தது ஆறடி உயரமாக, படைகள் மறைந்துகொள்ளும் அளவு அடர்த்தியாக இருக்க வேண்டும். ஆகவே பச்சை என்றதும் பெரிய மரங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உயர்ந்த சப்பாரலாகவும் இருக்கலாம். ஊதா நிறத்தில் ஏதாவது அச்சாகியிருந்தால், அது பிற்பாடு வான்படத்தைப் பார்த்து மட்டும் சேர்த்தது.

இப்போது உங்கள் 200 மீட்டருக்கு வருகிறேன். வரைந்தவரைக் குறை சொல்லும் முன் டேட்டத்தை, அதாவது தாளின் அட்சதீர்க்கங்களைக் கணக்கிட அடிப்படையாக வைத்த ஆதாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் 1927 டேட்டம், கன்சாஸ் மாநிலத்தில் மீட்ஸ் ராஞ்ச் என்ற மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் ஓர் அளவைக் கல்லிலிருந்து கணக்கிடப்பட்டது. கைப்பேசி பயன்படுத்துவது வேறு. கலிபோர்னியாவில் இந்த மாற்றத்தால் மட்டுமே சுமார் 100 மீட்டர் வரை நகர்ந்து காட்டும். 1927க்கு முந்தைய தாள் என்றால் அதன் டேட்டம் இன்னும் வேறு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தாளில் முக்கோணக் குறி போட்ட இரண்டு மூன்று சிகரங்களை எடுத்து, கைப்பேசி காட்டும் இடத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது டேட்டத்தின் வேலை, மொத்தத் தாளையும் அவ்வளவு தூரம் நகர்த்திவிடலாம். அதற்குப் பிறகும் ஓடை மட்டும் விலகி நின்றால்தான் அது பலகையில் நேர்ந்த பிழை.

இன்னொன்று, ஓரத்தில் உள்ள ஆண்டுகளைப் படியுங்கள். அளவை செய்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு என்று மூன்று இருக்கலாம். மவுண்ட் ஹாமில்டன் தாள் 1897ஆம் ஆண்டுப் பதிப்பு என்றால் பலகை முகடேறியது அதற்கும் முன்பு. இருபது வருடம் கழித்து மறு அச்சானாலும் உள்ளே இருப்பது அதே பழைய நிலம்தான். எல்லாப் பதிப்புகளையும் யுஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போவியூ தளத்தில் இலவசமாக இறக்கலாம். 1884இலிருந்து 2006 வரையிலான தாள்கள், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். ஒரே இடத்தின் மூன்று நான்கு பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

ஊற்றுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய தாளில் ஊற்று என்று குறித்த இடத்தை நம்பித் தண்ணீரில்லாமல் கிளம்பாதீர்கள். மாட்டுக்காரர்களுக்கு உயிராக இருந்த ஊற்றுகள் என்பதால் அவற்றைக் கேட்டு விசாரித்துக் குறித்திருப்பார்கள், இடம் அநேகமாகச் சரியாக இருக்கும். ஆனால் கோடையில் நீர் இருக்கும் என்று அந்தக் குறி உத்தரவாதம் தருவதில்லை.

அடுத்த முறை புல் பச்சையாக இருக்கும் மார்ச் மாதத்தில் போங்கள். அந்த ஓடைக்கு நேர்மேலே, தாளில் முக்கோணக் குறியோ உயர எண்ணோ உள்ள முகட்டைக் கண்டுபிடித்து ஏறுங்கள். வரைந்தவர் அநேகமாக அங்கேதான் பலகையை ஊன்றியிருப்பார். அங்கிருந்து ஓடையின் எத்தனை வளைவுகள் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, எத்தனை எதிர்ச்சரிவில் மறைந்துபோகின்றன என்று எண்ணிக்கொண்டு வந்து, தாளோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.